ட்ரேயில் காய்கறிப் பக்கம்

ஓசூரில் ஒரு கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் பல வருடங்களாகச் சமைக்கிறேன். எனக்குப் பேச வராது. பரிமாறும்போதுகூட "சாம்பாருங்க" என்று சொல்லி ஊற்றுவதோடு சரி.

சென்ற வருடம், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு மேனேஜர் எங்களிடம் தங்க வந்தார். வரும்போதே ஓவன் ஒன்றும் கொண்டு வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை அவரே சமையலறைக்குள் நுழைந்து, தோலோடு வாங்கிய கோழிக் கால்களைக் கவரிலிருந்து ட்ரேயில் கொட்டினார். நான் மஞ்சள்தூளும் கல்லுப்பும் எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

"கழுவாதீங்க மாஸ்டர். தண்ணி பட்டா ரோஸ்ட் ஆகாது. டிஷ்யூல தொடைச்சாப் போதும்."

நான் சைவமில்லை. ஆனால் மூன்று முறை மஞ்சள் போட்டு அலசி, ரத்த வாடை போன பிறகுதான் கறியைச் சட்டியில் போடுவேன். இங்கே கவரின் அடியில் தேங்கியிருந்த சிவப்புத் தண்ணீர் ட்ரேயின் மூலைக்கு ஓடியது. அதற்குப் பக்கத்திலேயே உருளைக்கிழங்கையும் கேரட்டையும் குடைமிளகாயையும் பரப்பினார். எல்லாம் ஒரே ட்ரேயில் வெந்துவிடுமாம். அரை மணி நேரத்தில் கொழுப்பு உருகி, காய்களுக்கு அடியில் கொப்பளித்தது. கிழங்கு அதைக் குடித்துப் பளபளத்தது. கழுவாத வெட்டுக்கட்டையைச் சூடாக்கியதுபோல் ஒரு வாடை. 

பக்கத்துப் பேரிகை ஊரிலிருந்து பாத்திரம் கழுவ வரும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயய்யோ, என்னா மாஸ்டர் இது! சானமாவு காட்டு யானையே வந்தாலும் இந்த வாடைக்குத் திரும்பி ஓடிடுமே. கோழியத் தொடைச்சாப் போதுமாமே? அப்ப இந்த ட்ரேயையும் தொடைச்சே வெச்சுர்றேன், போங்க."

அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்த ரோஸ்ட் செய்வது என் வேலையாயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.

அப்போது மைசூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பயிற்சிக்காக வந்து தங்கியிருந்தாள். முட்டைகூடத் தொடமாட்டாள். அவளுக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி, தனி அடுப்பு. அவளாகக் கேட்கவில்லை, எங்கள் சமையலறையின் வழக்கம் அது. ஞாயிறுகளில் ஊருக்குப் போய்விடுவாள். ஒரு ஞாயிறு மட்டும் போகவில்லை.

அன்று அவளுக்கென்று நான் ரசம் வைத்திருந்தேன். மேஜையில் மேனேஜர் ட்ரேயை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயும் சாப்பிடும்மா. இந்தப் பக்கம் முழுக்கக் காய்தான். நடுவுல ஃபாயில மடிச்சு வெக்கச் சொல்லியிருக்கேன் பாரு. ஒண்ணும் ஒட்டாது."

அந்த ஃபாயிலை வைத்தவன் நான். ட்ரேயை வெளியே எடுக்கும்போதே, ஃபாயிலுக்கு அடியில் கொழுப்பு காய்ப் பக்கம் வந்து தேங்கியிருப்பதைப் பார்த்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஹௌதா அண்ணா? நிஜமாவா? இது வெஜ்தானே?"

மேனேஜரும் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அப்படித்தான் எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். என் கையே கிழங்கை அள்ளி அவள் தட்டில் வைத்தது.

இரண்டு துண்டு சாப்பிட்டாள். "சூப்பரா இருக்கு அண்ணா" என்றாள். உதட்டில் கொழுப்பு மினுமினுத்தது. அதைப் பார்க்க முடியவில்லை.

"வேணாங்கம்மா" என்றேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. "அடியில கோழிக் கொழுப்பு ஓடியிருக்குதுங்க."

மேனேஜர் சிரித்தார். "அட, கொழுப்புல என்ன மாஸ்டர்? துண்டா கெடக்குது?"

அவள் கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. நான் டம்ளரில் தண்ணீர் கொண்டு போனேன். அவள் அதை வாங்கவில்லை. குழாயிலேயே வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கேட்டேன் இல்லண்ணா? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

பதில் வரவில்லை. எனக்கு எப்போதுமே வருவதில்லை. இத்தனை வருடம் அதைக் கூச்சம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் மதியம், அவளுடைய வாணலியை மறுபடியும் தேய்த்துக் கழுவி, பீன்ஸ் பொரியல் செய்து அவள் முன்னால் வைத்தேன். தட்டை ஓரமாகத் தள்ளினாள். கடையில் வாங்கி வந்திருந்த தயிர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். அந்தப் பொரியலை வீணாக்க வேண்டாமென்று சமையலறையில் நானே சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது வாய் இறங்கவில்லை.