திரையில் விழாத மேரியக்கா

2018 செப்டம்பர். காலை ஐந்து மணிக்குக் கிண்டியிலிருந்து வாடகை வேனில் கிளம்பினோம். பின்னால் இரண்டு ஆன்டெனா, ஒரு இரும்புக் கம்பம், பேட்டரி, லேப்டாப். முன்னால் நானும் டிரைவர் அந்தோணியும். அவருக்குச் சொந்த ஊர் திண்டிவனம்.

செங்கல்பட்டு தாண்டியதும் அவர் கேட்டார். "இதெல்லாம் இன்னா மேடம்? டவர் போடப் போறீங்களா?"

என் ஆராய்ச்சியைச் சொன்னேன். செல்போன் கோபுரத்திலிருந்து வரும் அலை இப்போது பேச்சையும் படத்தையும் மட்டும் சுமக்கிறது. அதே அலை ஆள் மேலும் வண்டி மேலும் பட்டுத் திரும்புகிறது. திரும்புவதைப் படித்தால் எங்கே யார் அசைகிறார்கள் என்று தெரியும். இனி வரப்போகும் நெட்வொர்க்குகளில் ஒரே அலை இரண்டு வேலையும் செய்யும்.

"அப்ப போன் பேசிக்கினே வேவும் பாக்குமா? எங்க ஊட்டுக்காரி அத எப்பவோ கண்டுபுடிச்சிட்டா மேடம்."

ஏழரைக்குத் திண்டிவனம். கிண்டியிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, ஐம்பது ரூபாய். சாம்பார் தண்ணீர். பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் இங்கேயே பிரிந்துவிடுவார்கள். இதற்குத் தெற்கே உள்ள சாலையை நீங்கள் தூங்கிக்கொண்டே கடந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான்.

எட்டரை மணிக்கு விக்கிரவாண்டிக்கு முன்னால் உள்ள ஒரு கிராமத்தில் இறங்கினோம். பெயரை எழுதவில்லை. எழுதினால் தொல்லை அவர்களுக்குத்தான். நாற்கரச் சாலை ஊரை இரண்டாக வெட்டிவிட்டது. வீடுகள் மேற்கே, நிலம் கிழக்கே. நடுவில் அரளிச் செடி வரிசை. அதில் ஓரிடத்தில் செடிகளைப் பிடுங்கி, ஆள் நுழையும் அளவு வழி செய்திருந்தார்கள். நாங்கள் கம்பம் நட்டது அதற்கு எதிரே. யாராவது குறுக்கே வந்தால் கருவி கண்டுபிடிக்கும், சாலையோரம் சற்று முன்னால் வைத்த எச்சரிக்கை விளக்கு எரியும், லாரிக்காரன் வேகத்தைக் குறைப்பான். இதுதான் திட்டம்.

நடந்து காட்ட அந்த ஊர் மேரியக்கா சம்மதித்திருந்தார். நாற்பத்தைந்து வயது, கூலி வேலை. போன வருடம் அவருடைய நாத்தனார் அந்த வழியில்தான் லாரியில் அடிபட்டுச் செத்தார்.

பத்து மணிக்குக் கம்பெனி அதிகாரி காரில் வந்தார். எங்கள் கருவியை வாங்கிச் சாலைகளில் நட நினைக்கும் கம்பெனி. வந்ததும் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "இந்த ஊர்க்காரங்க ரொம்ப வருஷமா சப்வே கேக்கறாங்க மேடம். இது வேலை செஞ்சா சப்வேயே வேணாம்னு மேல சொல்லிடலாம்."

எனக்கு அது அப்போதுதான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு வருட உழைப்பு அந்தக் கம்பத்தில் தொங்கியது.

மேரியக்கா மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நிலத்துப் பக்கமிருந்து வந்தார். திரையில் ஒரு புள்ளி நகர்ந்தது. முதல் பாதிச் சாலையைத் தாண்டி அரளிக்கு நடுவே நின்று, அடுத்த பக்கம் வண்டி குறையக் காத்திருந்தார். திரையில் புள்ளி அழிந்துவிட்டது.

கருவி கெடவில்லை. காற்றில் ஆடும் செடிகளை ஆள் என்று எண்ணக்கூடாது என்பதற்காக, ஒரே இடத்தில் லேசாக அசைவதையெல்லாம் கழித்துவிடும்படி நான்தான் நிரல் எழுதினேன். கல்லூரி மைதானத்தில் என் மாணவர்கள் விறுவிறுவென்று நடந்தார்கள். ஒருவரும் நிற்கவில்லை. நிற்க அங்கே லாரி ஏது?

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "கட்டை எறக்கிட்டு ஒரு சில்வர் குடம் எடுத்துக்கச் சொல்லுங்க. நிக்காம வேகமா வரட்டும்."

உலோகம் அலையை நன்றாகத் திருப்பும். வேக நடையும் சேர்ந்தால் தப்பவே தப்பாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் மேரியக்காவிடம் அப்படியே செய்யச் சொன்னேன். அந்தோணி இரண்டு பக்கமும் சிவப்புத் துணியைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். மேரியக்கா குடத்தோடு சரசரவென்று கடந்தார். புள்ளி பளிச்சென்று கடைசிவரை போனது. விளக்கு எரிந்தது. அதிகாரி கைதட்டி வீடியோ எடுத்தார்.

மேரியக்கா குடத்தை இறக்கினார். "இன்னாத்துக்குமா கொடம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்க நடுவுல நின்னீங்கல்ல அக்கா, அப்ப மெஷினுக்கு நீங்க தெரியல. செடின்னு நெனச்சிடுச்சு."

"அப்ப கொடத்ததான் காப்பாத்துமா? நிக்காம எப்டிமா போறது? எங்க நாத்தனாரு நின்னுக்கினு இருக்கசொல்லதான் அடிச்சிட்டுப் போனான்."

"பேஜாரு புடிச்ச மெஷினா கீதே," என்றார் அந்தோணி, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அதிகாரியிடம் போனேன். "அந்த வீடியோவ அனுப்பாதீங்க. அது பொய்."

"அனுப்பிட்டேனே மேடம். சின்னச் சின்னக் குறையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"நிக்கிற மனுஷி தெரியல. இது சின்னக் குறையா?" கத்திவிட்டேன். சாலையோரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்த வேண்டிய நேரம் அவர் குடம் கேட்டபோது. அதற்கும் முன்னால், சப்வே என்று சொன்னபோது. அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

மேரியக்கா என் கையைப் பிடித்தார். "சப்வே வராதாமா?"

"இந்த மெஷினக் காட்டி வேணாம்னு சொல்லப் பாப்பாங்க அக்கா. சொன்னா, இது வேலை செய்யலன்னு நான் எழுதித் தர்றேன்."

"எப்போ? நீ மெட்ராஸ் போயிட்டு எழுதுவியா? இப்பவே எழுது."

வேன் பானெட்டில் வைத்து எழுதினேன். பெயர், வேலை, கல்லூரி எல்லாம் போட்டு, இந்தக் கருவி நடுவில் நின்ற பெண்ணைக் கண்டுபிடிக்கவில்லை, காட்டிய வீடியோ உண்மையான சோதனை அல்ல, இதை வைத்துச் சப்வேயை மறுக்கக் கூடாது என்று. கையெழுத்துப் போடும்போது வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பயமும் கேவலமாக இருந்தது. மேரியக்கா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். நன்றி சொல்லவில்லை. தாளை மடித்துக்கொண்டு, கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்.

"ஜல்தியா ஏறுங்க மேடம்," என்றார் அந்தோணி.

வேளச்சேரியில் எங்கள் தெருவில் இரண்டு வேகத்தடை உண்டு. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பைக்குகள் வேகமாக வருகின்றன என்று நாங்கள் சில பேர் மாநகராட்சியில் போய்ச் சொன்னோம். போட்டுவிட்டார்கள். நாங்கள் நின்றால் தெரிவோமா என்று எங்களை யாரும் ரோட்டில் நடக்கவிட்டுப் பார்க்கவில்லை.