அழுகிய ராகி இலையோடு பெங்களூருக்கு

பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். நோய் கண்ட பயிரோடு பெங்களூர் வேளாண்மைக் கல்லூரிக்குப் போக நினைப்பவர்களுக்கு இது உதவும்.

ஓசூர் பக்கம் பாகலூரில் எங்கள் ராகிக் கொல்லையில் இலையெல்லாம் கண் வடிவப் புள்ளிகள். மருந்தடித்துக் காப்பாற்றுவதா, இப்போதே மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துவிடுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்காததால், காலாண்டு விடுமுறையில் அம்மாவோடு நான் போனேன்.

காலை ஆறரைக்கு ஓசூருக்கு டவுன் பஸ். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. மார்க்கெட்டில் இறங்கி இன்னொரு பஸ். அதில் கடைசிவரை நின்றுகொண்டே போனோம். கல்லூரிக்குள் நடக்கும்போது என் செருப்பு வேறு அறுந்துவிட்டது.

அங்கே பூஞ்சைகளை ஆராயும் அக்கா ஒருவர் எங்கள் பையைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். சந்தைக்குக் கொத்தமல்லி கட்டுகிற பழக்கத்தில், அம்மா இரண்டு நாள் முன்பே இலைகளைப் பறித்துக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியிருந்தார். எல்லாம் அழுகி, வேறு பூசணம் ஏறியிருந்தது. இதில் பார்க்க ஒன்றுமில்லை, உயிருள்ள செடி வேண்டும் என்றார் அக்கா.

அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, எங்கள் ராகியில் புள்ளி போடுவது இதுதான் என்று, கண்ணாடித் தட்டில் வளர்ந்த சாம்பல் நிறப் பூஞ்சையைக் காட்டினார். ஓர் உயிரின் எல்லா மரபணுக்களும் எப்போதும் வேலை செய்வதில்லையாம்.

"தட்டுல இது சாதுவா இருக்கும்மா. உயிருள்ள இலை மேல ஒட்டினாத்தான் சில ஜீன் முழிச்சுக்கும். அப்புறம் இலையத் தொளைச்சு உள்ள போயிடும்."

"எங்கூட்டுக்காரரும் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு சாதுவாத்தான் இருந்தாருங்க," என்றார் அம்மா. அக்கா சிரித்துவிட்டார்.

"அந்த ஜீன முழிக்காம பண்ண முடியாதுங்களா?" என்று கேட்டார் அம்மா.

"அதைத்தான் தேடறோம். இன்னும் தெரியல."

பிறகு, கதிரின் கழுத்து கறுத்திருக்கிறதா என்று கேட்டார். பாதிக்கு மேல் கறுத்துவிட்டது என்றார் அம்மா. கறுத்த கதிருக்கு இனி மருந்து அடித்துப் பயனில்லை என்று அக்கா மெதுவாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: செடியை வேரும் மண்ணுமாகத் தகர டின்னில் எடுத்துப் போங்கள். புள்ளி விழுந்த உடனே போங்கள். கதிர் கறுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

எல்லையில் உள்ள அத்திப்பள்ளிக்கு முன்னால் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அறுத்துரலாம் கண்ணு. ரெண்டு செடிய மட்டும் டின்னுல பேத்து வெச்சுரு. அந்தப் பொண்ணுக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாம்."

இருட்டிவிட்டது. முன்கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறதென்று டிரைவர் சொல்ல, பஸ்ஸுக்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.