கவர்னர் எண்ணெயைக் குறைத்த கதை

நாற்பதுகளின் கடைசியில், மயிலாப்பூரில் ஒரு மாதப் பத்திரிகை ஜெட் விமானத்தைப் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டது. நன்றாக வந்தால் மாதாமாதம் விஞ்ஞானப் பக்கம் எனக்கே என்றார் ஆசிரியர். எனக்கு அப்போது அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. தியாகராய நகர் அறையில் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன்.

ஜெட் எஞ்சினில் சூடான புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதன் தண்டு முறிந்தால், இழுக்கச் சுமை இல்லாமல் சக்கரம் வெறிபிடித்துச் சுற்றும். சக்கரமே வெடித்தால் எஞ்சினைச் சுற்றியுள்ள எந்தக் கூடும் தாங்காது. அதனால் வேகம் மிஞ்சினால் எண்ணெயைக் குறைக்கக் ‘கவர்னர்’ என்றொரு கருவி உண்டு. அதற்கும் அடங்காவிட்டால், சக்கரம் உடையுமுன் அதன் ஓரத்துச் சிறு தகடுகள் கழன்றுகொள்ள வேண்டும். தகடு போனால் புகைக்குப் பிடி இல்லை. வேகம் தானாக அடங்கும். இவ்வளவுதான் விஷயம்.

அச்சாகி வந்தது இப்படி: “வேகம் அதிகமானால் மேதகு கவர்னர் அவர்கள் எண்ணெயைக் குறைத்துவிடுவார்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே அச்சகத்துக்குப் போய், எழுத்துக் கோத்த கம்பாசிட்டரைப் பிடித்துக்கொண்டேன். “கவர்னர் ஒரு இரும்புச் சாமான் ஐயா!”

“இன்னா சார் கத்தறே? கவர்னரைப் போயி ‘குறைக்கும்’னு ஆடு மாடு கணக்கா எழுதிக்கீறே. சொதந்தரம் வந்துட்டா மருவாதி போயிடுமா?” என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “எம் புள்ள ஏரோப்ளேன் பட்டாளத்துல கீறான் சார். ஒரு எழுத்து உடாம படிச்சிக்கினேதான் கோத்தேன். தகடு கயண்டுக்கினா சக்கரம் வெடிக்காதுல்ல? நெசந்தானே?”

“நிஜம்தான்” என்றேன். அவர் மூச்சு விட்டதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

அதற்குள் ஆசிரியர் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்தார். “யார் பண்ணின காரியம் இது? அவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!”

கம்பாசிட்டர் கையிலிருந்த அச்செழுத்தைக் கீழே வைத்தார்.

“நான்தான் அப்படி எழுதினேன்” என்றேன். விஞ்ஞானப் பக்கத்துக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

ஆசிரியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீர் எழுதினதை நான் படிச்சிருக்கேன் ஓய்” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “இனிமே மாசாமாசம் பக்கத்தை எழுதறதோட, ப்ரூஃபையும் நீரே வந்து பாரும்.”

“மாசாமாசமா சார்?” என்று எனக்கு முந்திக்கொண்டு கேட்டவர் கம்பாசிட்டர்தான்.