பெல்ட்டுக்கு வைத்த சந்தனம்

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்னும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் பல்பர் கொட்டகையில் எனக்கு வேலை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்தான் பல்பர். ஆயில் எஞ்சினிலிருந்து வரும் நீளமான பெல்ட் அதைச் சுற்ற வைக்கும். கொட்டகைக்குப் பின்னால், பழைய முதலாளி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்னக் கார் ஒன்று சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. அதில் கியரே இல்லையென்று எந்த மெக்கானிக்கும் தொடவில்லை. எஸ்டேட் கைமாறியபோது, இடம் காலியானால் போதுமென்று அதை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். அவை ஓடும் உருளைகள் வேகத்துக்குத் தக்கபடி தாமாகவே விரியும், நெருங்கும். கியரின் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். கிளட்ச் கிடையாது. ஒரே ஒரு கம்பி. தள்ளினால் வண்டி முன்னால் போகும், இழுத்தால் பின்னால் போகும். இரண்டு பக்கமும் ஒரே வேகம். எஸ்டேட் ரோட்டில் எதிரே ஜீப் வந்தால், அகலமான இடம் வரும்வரை நான்தான் பின்னாலேயே போய் வழிவிடுவேன்.

பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையின் ஜீப்காரர் ஒருவர் தலையை நீட்டி, "ஏனுங்க, இந்தத் தையல் மிசினுக்கு லைசென்ஸ் வேற வாங்கியிருக்கீங்களா?" என்பார். சிரித்துக்கொண்டே பின்னால் போவேன். என் சுபாவத்துக்கு ஏற்ற வண்டி.

என் மனைவிக்கு பஸ் ஆகாது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி தொடங்கிவிடும். தன் தம்பியின் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் சேலம் போனவள் மண்டபத்தின் பின்னறையில் பாயில் சுருண்டு கிடந்தாள். தாலி கட்டும்போது அடித்த மேளம்தான் காதில் விழுந்தது.

காரில் முதன்முதலாக அவளைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். கியர் மாற்றும் உலுக்கல் இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கோயிலில் இறங்கியதும், "ஏனுங்க, எனக்குப் பசிக்குதுங்க" என்றாள். அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பிறகு அவள் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. சேலத்தில், காலை முகூர்த்தம். விடியும்போதே கிளம்பி நின்றோம். என்னோடு பல்பர் ஓட்டும் நண்பர் பூஜைத் தட்டோடு வந்துவிட்டார்.

"மலை எறங்கற வண்டி மாப்ள. ஓடற உறுப்புக்கெல்லாம் பொட்டு வெக்காம உடுவனா?"

எங்கள் கொட்டகையில் ஆயுதபூஜைக்கு எஞ்சின், பல்பர், பெல்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று இயந்திரம் ஓடாது. மறுநாளைக்குள் எல்லாம் காய்ந்துவிடும். அந்த நினைப்பில் அவர் காருக்கு அடியிலும் நுழைந்து, இரண்டு பெல்ட்டிலும் குழைத்த சந்தனத்தை அள்ளிப் பூசிவிட்டார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் மேட்டில் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. ஈரச் சந்தனத்தில் பெல்ட் வழுக்கியது. துணியால் துடைத்தேன். இன்னும் வழுக்கியது. நண்பர் முகம் செத்துப்போய் நின்றார். மேலே ரோட்டில் சேலம் பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ்ஸுலயே போயிரலாமா புள்ள?"

"பஸ்ஸுல போனா போய்ச் சேருவனுங்க. கல்யாணத்தப் பாக்கமாட்டன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். பட்டுச்சேலையோடு அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தாள். "எண்ணெய்ச் சட்டிய எதுலீங்க தேய்க்கிறோம்? போட்டுத் தேய்ங்க."

நானும் நண்பரும் அடியில் படுத்து, சாம்பலைப் போட்டுத் தேய்த்து, உதறி, மறுபடி தேய்த்தோம். பெல்ட் காய்ந்தது. மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். பிடித்தது. நிறுத்தி, மறுபடி ஏற்றினேன். ஏற்றத்தில் பிடித்தால்தான் இறக்கத்தை நம்பலாம். பஸ் எப்போதோ போய்விட்டது.

"தங்கச்சி, அடுத்த தடவ வண்டி நெத்தியில மட்டும் வெக்கறன்" என்றார் நண்பர்.

"உங்க நெத்தியிலயே வெச்சுக்குங்கண்ணா" என்றாள்.

மெதுவாக இறங்கினோம். அவள் கண்ணைத் திறந்தபடியே வந்தாள். மண்டபத்தில் தங்கை மணவறைக்குப் புறப்படும் நேரம். மணப்பெண் கையில் கொடுக்க எலுமிச்சம்பழம் எங்கே என்று யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் முகராமலே பிடித்துவந்த பழத்தை என் மனைவி நீட்டினாள். தாலி ஏறும்போது தங்கைக்குப் பின்னால் நேராக நின்றாள். பட்டுச்சேலையில் இடுப்புப் பக்கம் ஐந்து விரல் தடமாகச் சாம்பல் ஒட்டியிருந்தது.

1994, ஐப்பசி 4.