பின்னால் வருபவருக்குக் கதவு பிடிக்கலாமா?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டப்பட்டேன்.

முன்னால் ஒரு கதவு. பின்னால் ஒரு கதவு. இரண்டும் மூடியிருந்தன. தலைக்கு மேலே கேமரா. ‘ஒருவர் மட்டும்’ என்று ஒரு குரல் மூன்று மொழிகளிலும் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் ஒருவன்தான். ஆனால் கையிலிருந்த கோப்பும் குடையும் சேர்ந்து என்னை ஒன்றேகால் ஆளாக்கிவிட்டன போலும்... காலடியில் இருந்த தராசுக்கு என் மேல் சந்தேகம். பின்கதவு திறந்தது. குடையை வெளியே வைத்துவிட்டு வந்த பிறகுதான் முன்கதவு மனம் இரங்கியது.

முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கந்தோரில் நிருவாக உத்தியோகத்தராக இருந்தவன் நான். எத்தனையோ பேரை ‘வெளியே இருங்கள், கூப்பிடுகிறேன்’ என்று உட்கார வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வேர்த்தது. எங்கள் ஊர்க் குளிரில், மழை நாளில், வேர்த்தது.

இடம் – எங்கள் மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் போகிற வழியில் பல வருடங்களாக மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலை. இப்போது அது டேட்டா சென்டர். நம்முடைய வங்கிக் கணக்கு, வைத்தியசாலை ரிப்போர்ட், பேத்தியின் பிறந்தநாள் படம் எல்லாம் இப்படிப்பட்ட கட்டிடங்களுக்குள்தான் இருக்கின்றனவாம். குளிரான ஊர், பக்கத்திலேயே நீர்மின் நிலையம். கம்பியூட்டருக்கு வேறென்ன வேண்டும்?

கொழும்போ சென்னையோ சிங்கப்பூரோ, எங்கே இப்படி ஒரு கட்டிடம் எழுந்தாலும் காவல் சாமான் விற்பவர்கள் பின்னாலேயே வந்துவிடுகிறார்கள். விரலைப் பார்க்கும் பூட்டு, கண்ணைப் பார்க்கும் பூட்டு, ஆளை நிறுக்கும் கதவு. நல்ல வியாபாரமாம். இன்னும் வளருமாம். தோட்டத்தில் காவல் என்றால் ஒரு வாச்சர், ஒரு டார்ச், ஒரு கம்பளி. அவரும் பாதி நேரம் கம்பளிக்குள்தான் இருப்பார்.

சரி, எனக்கு அங்கே என்ன வேலை? செல்வராணிக்காகப் போனேன்.

செல்வராணி எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருப்பவள். முப்பத்தைந்து வயது. பதினைந்து வருடம் கொழுந்து பறித்தவள். சென்ற வருடம் அந்த டேட்டா சென்டரில் காவலுக்கு ஆள் எடுத்தபோது, அவளுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். ‘நேர்மையானவர், கடமை தவறாதவர், பிறருக்கு உதவும் மனப்பான்மை கொண்டவர்.’ அந்தக் கடைசிக் குணம்தான் வினையாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, சீருடையோடு வீட்டுக்கு வந்தாள். கையில் ஓர் ஆங்கிலக் கடிதம்.

“ஐயா, என்னைய வேலய விட்டு நிப்பாட்டப் போறாங்க போல. செவ்வாக்கெழம விசாரணைங்க.”

நடந்தது இதுதான். சாமான் ஏற்றி இறக்கும் பக்கவாசலில் கண்ணாடிப் பெட்டி கிடையாது. கார்டு வைத்தால் கதவு திறக்கும். ஒரு மழைக் காலையில் செல்வராணி தன் கார்டை வைத்துத் திறந்திருக்கிறாள். பின்னாலேயே ஒருவர். நனைந்த ஜாக்கெட். கைகளில் மோவாய் வரை இரண்டு பெட்டிகள். “அக்கா, கொஞ்சம் புடிங்க” என்றிருக்கிறார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் உள்ளே போய்ப் பெட்டிகளை இறக்கினார்.

காலிப் பெட்டிகள்! காவலைச் சோதிக்க நிறுவனமே அனுப்பிய ஆள் அவர். ஒருவர் திறந்த கதவில் இன்னொருவர் ஒட்டிக்கொண்டு நுழைவதற்கு ‘டெயில்கேட்டிங்’ என்று பெயராம். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லையாம்.

“கார்ட கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“ரெண்டு கையிலயும் பாரங்க. எந்தக் கையால கார்ட எடுப்பாரு?”

நியாயமான கேள்வி. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கப் போகும்போது, முன்னால் போகிறவர் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூட்டையோடு வரும் கடைசி ஆள் தாண்டும் வரை நிற்பார். யார், எந்த டிவிஷன் என்றெல்லாம் கேட்பதில்லை. பாரத்தோடு வருபவர் முகத்தில் படலையைச் சாத்துவது எங்கள் பக்கம் கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். இதை எந்தப் பயிற்சி வகுப்பில் மறக்கடிப்பது?

“வேல போச்சுன்னா திரும்பப் பெரட்டுல போய் நிக்கணுங்க” என்றாள். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்தான் பெரட்டு; கூப்பிடும் தோட்ட அதிகாரி கண்டாக்கையா. “‘இனிமே எம் பேரக் கூப்புடாதீங்க’ன்னு கண்டாக்கையாகிட்ட வாய் காட்டிட்டு வந்தேன். அவரு சிரிச்சிக்கிட்டே பேர வெட்டுனாரு. இப்ப எந்த மூஞ்சியோட போவேன்?”

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “ஏங்க, நீங்க எழுதிக் குடுத்துத்தானே போனா? நீங்களே போய்க் காப்பாத்துங்க.”

உட்கார்ந்து அவளுக்காக மூன்று பக்க விளக்கக் கடிதம் எழுதினேன். கதவு மெதுவாக மூடியதே காரணம் என்றேன். செல்வராணி வாசித்துப் பார்த்தாள்.

“ஐயா, நான்தானே புடிச்சேன்?”

“அப்படித்தான் எழுத வேணும்.”

“கேமரா இருக்கேங்க...”

கேமரா! என் காலத்து விசாரணைகளில் அந்தச் சனியன் இல்லை. அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். குற்றப்பத்திரம் தாய்மொழியில் தரப்படவில்லை. ஆகவே விசாரணையே செல்லாது. அசைக்க முடியாத வாதம்!

“செல்லாதுன்னா தமிழ்ல எழுதிக் குடுத்துட்டு இன்னொரு விசாரண வப்பாங்க. அவ்வளவுதானுங்களே?” என்றாள்.

ஆமாம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த மூன்று பக்கத்தையும் கோப்பில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

விசாரித்தவர் கொழும்பிலிருந்து வந்த பாதுகாப்பு முகாமையாளர். சிங்களவர், தடுமாறாமல் தமிழ் பேசினார். என்னைப் பக்கத்தில் உட்கார அனுமதித்தார், பேச அனுமதிக்கவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நாளைக்கு அதே மாதிரி ஓர் ஆள் வந்தால் என்ன செய்வீங்க?”

‘திறக்க மாட்டேன்’ என்று சொல் – உதட்டை மட்டும் அசைத்து அவளுக்குக் காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

“அப்பவும் சும்மா பாத்துக்கிட்டு நிக்க மாட்டேங்க.”

முடிந்தது. கண்டாக்கையாவிடம் நானே கூட்டிப் போய்ப் பேசுவதா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

“மொதல்ல கதவச் சாத்திருவேன். அப்பறம் பெட்டிய எறக்கக் கை குடுப்பேன், கொழுந்து மூட்டைய எறக்கக் கை குடுக்கிற மாதிரி. கை காலியானதும் அவரு கார்ட வைக்கட்டும். கார்டு இல்லாட்டி, பெட்டிய அவரே தூக்கிக்கிட்டுப் போகட்டுங்க.”

முகாமையாளர் பேனாவை எடுத்தார். பிறகு ஏதோ குறித்துக்கொண்டார். “கதவுக்கு வெளியே ஒரு மேசை போடலாம்” என்று தனக்குத்தானே சொன்னார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. வேலை இருக்கும். ஆனால் மூன்று மாதத்துக்குள் இன்னொரு சோதனை வரும். எப்போது, யார் என்று சொல்ல மாட்டோம் என்றார்.

என் மூன்று பக்கங்களை யாரும் கேட்கவே இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வராணி சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே?

“செல்வராணி, சோதிக்க வர்றவன் இனிமேல் பெட்டியோட வர மாட்டான். ‘அக்கா, நெஞ்சு வலிக்குது, தண்ணி’ன்னு கதவோரம் சரிஞ்சு விழுந்தான்னா?”

சிரிப்பு நின்றது.

“ஐயா, அது நடிப்பா நெசமான்னு கதவுக்குத் தெரியுங்களா?”

“தெரியாதும்மா.”

“எனக்கும் தெரியாதுங்களே. அப்ப தண்ணிதான் குடுப்பேன்.”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று, அடுத்த விசாரணைக்காகக் கோடு போட்ட தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.