கொள்ளையருக்குப் பாடு வைத்த தினகரன்

தினகரன் அண்ணனை இறால் பிடிக்கிறவர் என்றுதான் பழவேற்காட்டில் தெரியும். அவரிடம் ஒரு சரக்குக் கப்பலும் இருந்தது. ஆனால் அது செல்போனுக்குள் இருந்த கப்பல்.

அது விண்வெளியில் நடக்கும் ஆன்லைன் விளையாட்டு. ஆளுக்கொரு கப்பல். சிலர் தூரத்துக் கிரகங்களில் சரக்கு வாங்கி, சந்தை இருக்கும் நிலையத்தில் விற்பார்கள். சிலர் வழியில் காத்திருந்து அவர்களை அடித்துப் பறிப்பார்கள். இரண்டுக்குமே அனுமதி உண்டு. கப்பல் உடைந்தால் திரும்பக் கிடைக்காது.

அண்ணன் வியாபாரி. ஏரியிலிருந்து வந்து இறாலை ஏலத்தில் போட்டுவிட்டு, சாப்பிட்டு, வலையின் கிழிசலைத் தைத்தபடியே போனை மடியில் வைத்துக் கப்பலை ஓட்டுவார். இரண்டு வருஷம் அப்படிச் சேர்த்துத்தான் அந்தப் பெரிய கப்பலை வாங்கினார். வேலம்மா என்று அம்மாவின் பெயரை வைத்தார்.

"உயிரோட இருக்கற அம்மாவ வானத்துக்கு அனுப்சிட்டியேயா," என்று அவர் மனைவி கலைவாணி அக்கா சிரித்தது.

சந்தைக்குப் போக ஒரே ஒரு குறுகலான வழி. அதை வாசல் என்போம். மூன்று கொள்ளைக் கும்பல்கள் அங்கே கிடந்தன. யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் அடிப்பார்கள். பொறுக்க முடியாமல் வியாபாரிகள் வருவதை நிறுத்தினார்கள். கொள்ளையடிக்க ஆள் இல்லாமல் கும்பல்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டன.

"நம்ம ஏரியில இன்னா பண்றோம்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். "இறால் நல்லா வுழுற எடத்துல எல்லாரும் ஒரே நாள்ல வலை போட்றோமா? முறை வெச்சித்தான போட்றோம்? அதையே இங்கயும் வெச்சா இன்னா?"

அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. இன்றைக்கு உன் பாடு என்றால் நீ வலை போடு, மற்றவன் அந்தப் பக்கம் வரக் கூடாது.

அண்ணன் கும்பல் தலைவர்களிடம் பேசினார். ஒருவன் விக்கி, பொன்னேரியில் காலேஜ் படிக்கிறவன். மற்ற இரண்டு கும்பலிடமும் அவன்தான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். நாளுக்கு ஒரு கும்பல் வாசலில் நிற்கும். வியாபாரி சரக்கில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு அடிபடாமல் போகலாம். ஆச்சரியமாக, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச காலம் நன்றாகவே போனது. வியாபாரிகள் திரும்பி வந்தார்கள். நானும் ஒரு சின்னக் கப்பலில் அவர் பின்னால் போனேன். "சாப்டீங்களாணா?" என்று கேட்டுவிட்டுப் பங்கை வாங்கிக்கொள்ளும் கொள்ளைக்காரனை அங்கேதான் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள், தன் பாடு இல்லாத நாளில் விக்கி வாசலுக்கு வந்து ஷாலினியின் கப்பலை உடைத்தான். ஷாலினி கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண். அண்ணன் பேச்சை நம்பித் திரும்பி வந்தவள்.

"கூட்டம் போட்ணும்," என்றார் அண்ணன்.

எங்கள் குப்பத்தில் முறை தவறி வலை போட்டவன் கோவில் முன்னால் கூட்டத்தில் நிற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். தப்பு என்று சொல்லி, அபராதம் கட்டினால் விஷயம் முடிந்தது. கூட்டத்துக்குத் துடுப்போ கத்தியோ யாரும் கொண்டு வர மாட்டார்கள். காலையில் மண்டையை உடைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகூட வெறுங்கையோடுதான் வருவார்கள்.

அதனால் வியாபாரிகள் எல்லாரையும் கப்பலில் இருந்து துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

"அண்ணா, அவனுங்க கொள்ளக்காரனுங்கணா," என்றேன்.

"கூட்டத்துக்கு எவனாச்சும் கத்தி எட்த்துனு வருவானாடா? பேசத்தான போறோம்?"

ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் கப்பல்கள் வாசலுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. ஷாலினிகூட ஒரு ஓட்டைக் கப்பலைக் கடன் வாங்கி வந்திருந்தாள். மூன்று கும்பலும் வந்தன. "எல்லாருக்கும் வணக்கம். விக்கி தம்பி முன்னாடி வரட்டும்," என்று அண்ணன் ஆரம்பித்தார்.

விக்கி முன்னால் வந்தான். வந்து வேலம்மாவைச் சுட்டான். மற்ற கும்பல்களும் சேர்ந்துகொண்டன. எங்களில் ஒரு கப்பலும் தப்பவில்லை.

மீன் அரிந்துகொண்டிருந்த கலைவாணி அக்கா தலையை நிமிர்த்தி, "இன்னாயா, கூட்டம் அதுக்குள்ள முட்ஞ்சிச்சா?" என்றது.

போனில் விக்கியின் குரல் வந்தது. "அண்ணா, இது கேம்ணா. துப்பாக்கி இல்லாம இவ்ளோ பேர வரிசையா நிக்க வெச்சா யாருணா சுடாம இருப்பான்?"

"உன்ன நம்பி வர்ல தம்பி. கூட்டத்த நம்பி வந்தாங்க," என்றார் அண்ணன்.

விக்கிக்கு அது புரியவில்லை. எனக்கும் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எரிச்சல்தான் வந்தது. குப்பத்தில் தப்புப் பண்ணினவன் மறுநாள் காலையில் அதே ஏலத்துக்கு, அதே ஆட்கள் நடுவே வந்தாக வேண்டும். இங்கே போனை அணைத்துவிட்டால் போதும்.

வியாபாரிகள் ஒவ்வொருவராக விளையாட்டை விட்டுப் போனார்கள். அண்ணன் மட்டும் ஒரு சின்னக் கப்பல் வாங்கி, சந்தைக்கே போகாமல், கிரகங்களுக்கு நடுவே ஏதோ சில்லறைச் சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் விக்கி கூப்பிட்டான். "அண்ணா, வாசல்ல ஈ காக்கா இல்லணா. சும்மாவே நிக்கிறோம். பழைய மாதிரி பாடு வெச்சிக்கலாம், ஆளுங்கள கூட்டினு வாங்களேன்."

"மொதல்ல தப்புனு சொல்லு. கப்பல் போனவங்க முன்னாடி நின்னு சொல்லு."

"சரிணா, சொல்றேன். யார் முன்னாடி நிக்கிறது? யாருமே இல்லையே."

அண்ணன் விளையாட்டில் எங்கள் வியாபாரிகள் குழுவைத் திறந்து பார்த்தார். அவரும் நானும்தான் இருந்தோம்.

"உங்ககிட்ட சொன்னா போதாதாணா?"

"போதாது. நா ஒருத்தன் கூட்டம் இல்லடா. மன்னிக்கிறதுக்கு எனக்கு உரிமை இல்ல."

அன்றைக்கே உட்கார்ந்து, போனவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் செய்தி அனுப்பினார். விக்கி தப்பை ஒத்துக்கொள்ள வருகிறான், ஒரு தரம் வந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்று. ஷாலினி மட்டும் பதில் போட்டாள். விளையாட்டையே போனிலிருந்து எடுத்துவிட்டாளாம். மற்றவர்களில் பாதிப் பேர் இன்னும் செய்தியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

விக்கி தினமும் கேட்கிறான். "வந்தாங்களாணா?"

"இன்னும் வர்ல. இருடா," என்கிறார் அண்ணன்.