அம்மாவின் கைநாட்டில் கிடைத்த வீடு

சபையாரே, போன ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து டிசம்பர் வரை தேவன் எங்களுக்குச் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷத்தில் எங்கே ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை. கதவு தட்டியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் டேனியல். வயது இருபத்தொன்பது. ஜீவனஹள்ளியில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் நானும் அம்மாவும் பன்னிரண்டு வருடமாக லீஸில் இருக்கிறோம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது, இதுதான் இங்கே லீஸ். அப்பா இறந்தபோது அவர் வேலை செய்த இடத்தில் கொடுத்த பணம் அப்படியே அதில்தான் இருக்கிறது.

"டேனியல், நான் துமகூருக்கே போயிடறேன்பா. வீட்டை விக்கணும். பன்னெண்டு வருஷம் ஒரு சத்தம் இல்லாம இருந்தீங்க, அதனால உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட். லீஸ் காசைக் கழிச்சுக்கறேன், மீதிக்கு பேங்க் லோன் போடு. கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம். ஆகலேன்னா பேஜார் பண்ணிக்காதே, வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்றார்.

அந்த லீஸ் தொகைக்கு இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வீடும் கிடைக்காது. ஊருக்கு வெளியே அத்திபெலே தாண்டித்தான் போக வேண்டும். அங்கே போனால் அம்மாவின் இஸ்திரி வண்டி என்ன ஆவது? காக்ஸ் டவுனில் மூன்று தெருக்காரர்களுக்கு அம்மாதான் துணி தேய்த்துக் கொடுக்கிறார். என் படிப்பு என்ன ஆவது? பத்தாவது முடித்ததும் வேலைக்குப் போனவன் நான். ஒன்பது வருடம் கழித்து மறுபடி புத்தகத்தை எடுத்து, பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது முடித்து, இப்போது மாலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம். பகலில் ஒரு கூரியர் ஆபீசில் அரை நாள் வேலை. எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான்.

அதனால் எங்கள் வீட்டில் காகிதம் என்றாலே என் தலையில்தான் விழும். ரேஷன் கார்டில் திருத்தமா, கேஸ் கனெக்‌ஷனா, எல்லாவற்றுக்கும் நான்தான் போவேன். லோனுக்கும் நானே தனியாகப் போனேன்.

முதல் பேங்கில் என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்டூடண்டா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். இரண்டாவது பேங்கில், படிப்பை முடித்து நிரந்தர வேலையில் சேர்ந்த பிறகு வரச் சொன்னார்கள். மூன்றாவதில் ஒருவர், "இந்த வயசுல காலேஜா? கல்யாணத்துக்கு லோன் கேட்டாக்கூட நியாயம் இருக்கு" என்று பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். அக்டோபர் முடிந்துவிட்டது. ஆண்டவரே, படித்தால் வழி பிறக்கும் என்றுதானே வந்தேன், படிக்கிறவன் என்பதாலேயே கதவை மூடுகிறார்களே என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை.

நவம்பரில் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தேன். மூன்றாவது வெள்ளி காலையில் நான் ஜெபித்து எழுந்தபோது அம்மா பின்னால் நின்றிருந்தார்.

"இன்னாடா, ஆண்டவர்கிட்டயும் ஒண்டியா போற, பேங்குக்கும் ஒண்டியா போற? எனக்கும் சேர்த்துதான வூடு? இன்னிக்கு நானும் வரேன்."

"நீ வந்து என்னம்மா பண்ணப் போற? அங்கெல்லாம் படிச்சு கையெழுத்துப் போடணும்."

"நீ போடு. நான் ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கினு ஜெபம் பண்றேன். இஸ்திரிப் பெட்டிகிட்டயே நின்னு நின்னு வேகுது."

அழைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது சாட்சி ஆகாது. நாலாவது பேங்க் வாசலில் அம்மாவை வாட்ச்மேன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். கரி படிந்த புடவையோடு அவர் என் பக்கத்தில் உட்காருவது எனக்கு வெட்கமாக இருந்தது. தேவன் என்னை மன்னித்தார். அம்மாவும் மன்னித்துவிட்டார்.

உள்ளே இருந்த மேனேஜர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், கன்னடக்கார மேடம். என் விண்ணப்பத்தைப் பொறுமையாகப் படித்தார். "டேனியல், நிஜமாவே உதவி பண்ணணும்னு ஆசை. ஆனா இந்த வருமானத்துக்கு வழி இல்லையே" என்றார். பிறகு லீஸ் பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தவர் நிமிர்ந்தார். "இது யார் கைநாட்டு?"

"அம்மாவோடது, மேடம். அப்போ எனக்குப் பதினேழு வயசு. அதனால அவங்க பேர்ல போட்டோம்."

"அம்மா எங்கே?"

வாசலைக் காட்டினேன். அவரே எழுந்து போய் அம்மாவை அழைத்து வந்து, "கூத்கொள்ளி அம்மா" என்று உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். விண்ணப்பத்தில் விரல் வைத்துக் கேட்டார்: "இதுல உங்க வேலை இல்லத்தரசின்னு போட்டிருக்கே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லத்தரசியா? யார்றா அது?"

சபையாரே, அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அப்படி எழுதியவன் நான்தான். முந்தின மூன்று பேங்கிலும் அதையே எழுதியிருந்தேன். "பொய் எழுதிட்டேன் மேடம். அம்மா இருபது வருஷமா இஸ்திரி வண்டி வெச்சிருக்காங்க. சொல்ல வெக்கமா இருந்தது" என்றேன்.

மேடம் கோபப்படவில்லை. "காசு கையில வாங்குவீங்களா அம்மா?"

"இப்போ யாரும்மா கையில குடுக்கறாங்க? எல்லாம் போன்லதான். வண்டியில இவன்தான் ஸ்கேன் பண்ற ஸ்டிக்கர் ஒட்டினான். என் பேங்குக்குப் போவுது."

ஆமாம்! அந்த ஸ்டிக்கரை ஒட்டியவனே நான். நாலு வருடமாக ஒவ்வொரு சட்டைக்கும் புடவைக்கும் வந்த காசு அம்மாவின் கணக்கில் பதிவாகிக்கொண்டே இருந்திருக்கிறது. அது வருமானம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவன்தான் லோன் கேட்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பி.காம். படிக்கிறேன் என்று வெளியே சொல்லாதீர்கள்!

"அம்மாதான் முதல் விண்ணப்பதாரர். நீங்க கூட ஒருத்தர், அவ்வளவுதான். உங்க வயசு சேரும்போது லோன் கட்ட வருஷம் நிறைய கிடைக்கும். கைநாட்டுக்கு முறை இருக்கு, சாட்சி வெச்சு வாங்கிக்கலாம்" என்றார் மேடம். பத்து நாளில் பேங்கிலிருந்து ஒருவர் எங்கள் வண்டிக்கே வந்து விசாரித்தார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து அம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு ரிடையர்ட் டீச்சர், "இந்தம்மா லீவு போட்டா நாங்க கசங்கின புடவையோடதான் சர்ச்சுக்குப் போகணும், சீக்கிரம் லோனைக் குடுத்து அனுப்புங்க" என்று பேங்க்காரரை விரட்டவே ஆரம்பித்துவிட்டார்!

டிசம்பர் பதினெட்டாம் தேதி லோன் சேங்ஷன் ஆனது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பத்திரம் பதிவானது. அம்மா கட்டைவிரலை வைத்துவிட்டு அந்த மையைத் துடைக்கவே விடவில்லை. மறுநாள் ஆராதனையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் விரலைத் தூக்கிக் காட்டினார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரைப் போல.

இப்போது என் கல்லூரியில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால் முதல் வார்த்தையாக இஸ்திரி வண்டியைத்தான் சொல்கிறேன். நான் மூன்று மாதம் வெளியே தேடியதை ஆண்டவர் எப்போதோ என் வீட்டுக்குள் வைத்திருந்தார். எந்த உண்மையை மறைத்தேனோ அதன் வழியாகவே எனக்குப் பதில் கொடுத்தார். அவருக்கே எல்லா மகிமையும்.

உங்களில் யாராவது இந்த வாரம் பேங்க் படியிலிருந்து வெறுங்கையோடு இறங்கியிருந்தால், சோர்ந்துபோகாதீர்கள். அவரிடம் மறைக்காமல் கேளுங்கள், அவர் கேட்கிறவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் பின்வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். விண்ணப்பம் நிரப்ப வேண்டியவர்கள் வாருங்கள், சேர்ந்து ஜெபித்துவிட்டு எழுதுவோம். வரும்போது உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவர் செய்கிற வேலையைத்தான் முதலில் கேட்பேன்.